வெங்காலூர் ஏரிக்குக் கீழே

விவேக் நகரில் வியாழக்கிழமை வந்துவிட்டதை நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போகும் சாலையில் மெழுகுவத்திக் கடைகள் அதிகாலையிலேயே திறந்துவிடும். பூக்காரம்மாக்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று வேளைக்கு ஒரு மொழியில் பூசை நடக்கும். நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்தவர்களும் வரிசையில் நின்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். ஸ்பெயினில் செய்த சிறு மெழுகுச் சிலை ஒன்றை 1628-இல் பொலிக்சேனா என்ற பிரபுக்குலப் பெண் பிராகா நகரத்துக் கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து கிளைத்த பக்தி, 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரின் இந்த மூலையில் வேரூன்றி, இன்று ஒரு பேட்டையின் வார நாளையே தனதாக்கிக்கொண்டது.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் இங்கேதான் கூட்டிப்போவோம். அடுத்த நாள் காலையில், "பெங்களூரைச் சுத்திக் காட்டேன்" என்பார்கள். நகரச் சுற்றுலாப் பேருந்துகளின் வழித்தடம் பெரும்பாலும் எல்லோருக்கும் மனப்பாடம்: ஐதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக், திப்புவின் கோடைமாளிகை, பசவனகுடியின் நந்தி கோயில், கப்பன் பூங்கா, விதான சௌதா. எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். நானே பலமுறை உறவினர்களோடு இவற்றைச் சுற்றியிருக்கிறேன். ஆனால் இந்த வழித்தடத்தில் போய்த் திரும்பும் ஒருவர், இந்த ஊருக்கு வரலாறு கெம்பே கௌடரோடு, அதாவது 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது என்றும், தமிழர்கள் பிழைப்புத் தேடிப் பிற்காலத்தில் இங்கே வந்தவர்கள் என்றும் நினைத்துக்கொண்டுதான் ஊர் திரும்புவார். இரண்டுமே பிழை. இரண்டையும் திருத்தும் கற்கள் விவேக் நகரிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஒன்று மடிவாளாவில், இன்னொன்று தொம்மலூரில்.

சுற்றுலா வழித்தடத்தை நாம் வசதிக்காகப் போட்ட கோடு என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தீர்ப்பு. எந்த இடத்தில் வண்டி நிற்கிறது, எந்த இடத்தை வேகமாகத் தாண்டுகிறது, வழிகாட்டி எந்தப் பெயரைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் ஒரு நகரம் யாருடையது என்ற கேள்விக்கான பதில் இருக்கிறது. இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தைப் பற்றிப் படித்தபோதுதான்.

ஹோய் ஆன், து போன் ஆற்றின் கரையில் இருந்த பழைய துறைமுகம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் ஐரோப்பியரும் பட்டும் பீங்கானும் மிளகும் வாங்கி விற்ற ஊர். ஆறு தூர்ந்து, வணிகம் தா நாங் துறைமுகத்துக்குப் போன பிறகு ஊர் அப்படியே உறைந்துவிட்டது. அதுவே அதைக் காப்பாற்றியது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. இன்று அங்கே வழிகாட்டியோடு நடக்கும் எவரும் முதலில் போய் நிற்பது கூரை வேய்ந்த ஒரு சிறு பாலத்தில். 1593-இல் ஜப்பானிய வணிகர்கள் கட்டத் தொடங்கிய பாலம் அது. ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறு முனையில் குரங்குச் சிலைகள், நடுவே ஒரு சிறு கோயில். அதைக் கட்டிய ஜப்பானியர், 1630-களில் தோக்குகாவா அரசு தன் மக்கள் கடல் கடப்பதைத் தடைசெய்த பிறகு மெல்ல மறைந்துபோனார்கள். பாலத்தை அடுத்து வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1719-இல் அங்கு வந்த நுயென் குலத் தலைவர் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். தொலைவிலிருந்து வந்தவர்களின் பாலம் என்று அதற்குப் பொருள். இன்று அந்தப் பாலம் வியட்நாமின் 20,000 டாங் நோட்டில் அச்சாகியிருக்கிறது. 2022 இறுதியில் தொடங்கிய பழுதுபார்ப்பு முடிந்து, 2024 ஆகஸ்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

அந்நியர் கட்டியதை ஒரு நாடு தன் பண நோட்டில் போட்டுக்கொள்வதை நாம் நின்று யோசிக்க வேண்டும். பாலத்துக்குப் பிறகு வழிகாட்டி கூட்டிப்போவது ஃபுகியன் சீனர்களின் சங்க மண்டபத்துக்கு, பிறகு கான்டன் சீனர்களின் மண்டபத்துக்கு. பழைய நகரத்துக்குள் ஒரே நுழைவுச் சீட்டில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அந்தச் சீட்டுப் பணம் கட்டடங்களின் பராமரிப்புக்குப் போகிறது. வந்தவர்கள் விட்டுச் சென்றதைக் காட்டுவதால் தன் பெருமை குறைந்துவிடும் என்று அந்த ஊர் அஞ்சவில்லை.

ஹோய் ஆனிலிருந்து அரை நாள் பயணமாக மீ சோனுக்கும் கூட்டிப்போகிறார்கள். சம்பா அரசர்கள் பத்ரேசுவரன் என்ற பெயரில் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் அவை. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் அவற்றுள் மிகச் சிறந்தவை நொறுங்கின. போருக்குப் பின் போலந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி எஞ்சியவற்றைத் தூக்கி நிறுத்தினார். ஹோய் ஆனைப் பாதுகாக்கச் சொல்லி வாதாடியவரும் அவரே. 1997-இல் வியட்நாமிலேயே இறந்த அவருக்கு ஹோய் ஆனில் ஒரு சிலை இருக்கிறது. 2017 முதல் 2022 வரை நம் தொல்லியல் துறையும் மீ சோனில் மூன்று கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது. 2020 மே மாதம் அந்தப் பணியின்போது ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கடல் கடந்து போய் அவர்கள் கல்லை நிமிர்த்திய நாட்டவர் நாம். நம் ஊர் வழித்தடத்திலும் கொஞ்சம் கை வைக்கலாம்.

மடிவாளாவுக்கு வருகிறேன். ஓசூர் சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால் சோமேசுவரர் கோயில். மடிவாளர் என்றால் கன்னடத்தில் வண்ணார். எங்கள் விவேக் நகரை ஒட்டியும் ஒரு வண்ணாரப்பேட்டை உண்டு. ஒரே தொழிலின் பெயர் இரண்டு மொழிகளில் இரண்டு பேட்டைகளில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஊரின் இயல்பு.

நான் போன காலையில் கோயிலில் கூட்டமில்லை. கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வந்து, அடிப்பகுதிக் கல்வரிசையை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததும் கல்லின் மேல் பள்ளங்கள் நிழல் கட்டி எழுத்தாக எழுந்தன. தமிழும் கிரந்தமும் கலந்து, ஒரு கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் தொடர்ந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் ஓடின. பூ விற்கும் அம்மா ஒருவர் அருகில் வந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"எழுத்தும்மா. தமிழ் எழுத்து."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் ஓர் எழுத்தைத் தடவினார். "இது ப-னா. இது... வ-னாவா?" என்றார். பிறகு நிமிர்ந்து, "இத்தன வருசமா இங்கதான் பூ விக்கிறேன். நம்ம எழுத்துன்னு யாரும் சொல்லல சார்" என்றார்.

அவர் படித்தது சரிதான். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை. இரண்டு மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். புள்ளி வைக்க மாட்டார்கள், மெய்யா உயிர்மெய்யா என்பதை நாம்தான் சூழலை வைத்து முடிவுசெய்ய வேண்டும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. 'ஏரி' என்பது 'எரி' என்றே நிற்கும். வடசொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து வரும். இவற்றை ஒரு வழிகாட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவரும் சுவரிலிருந்து நாலு சொல்லையாவது பிடித்துவிடுவார். அந்த நொடியில் அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியை எந்த மாளிகையும் தராது.

அந்தச் சுவரின் கல்வெட்டுகளுள் மிக முக்கியமானது 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுக்கிறார். நிலம் எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொல்லும்போது, வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலம் என்கிறது கல்வெட்டு. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்காலூர் நம் பெங்களூர். கெம்பே கௌடர் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் இங்கே, தமிழில், ஒரு சாதாரண நிலப்பத்திரத்தின் நடுவில் கிடக்கிறது. பெருமைக்காக யாரும் இதை எழுதவில்லை. எல்லை சொல்ல வேண்டியிருந்தது, எழுதினார்கள். ஆகவேதான் அதை முழுதாக நம்ப முடிகிறது.

இதைவிடப் பழைய சான்று கன்னடத்தில் இருக்கிறது என்பதை இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள நடுகல் ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்தது. பெங்களூருப் போரில் உயிர்விட்ட ஒரு வீரனைப் பற்றியது. ஒய்சள அரசன் இரண்டாம் வல்லாளன் காட்டில் வழி தவறிப் பசியோடு வந்தபோது ஒரு கிழவி வேகவைத்த காளு, அதாவது அவரை கொடுத்தாள், அதனால் 'பெந்த காளு ஊரு' ஆயிற்று என்று சுற்றுலா வண்டிகளில் கதை சொல்வார்கள். வல்லாளன் ஆண்டது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அவனுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே பேகூர்க் கல்லில் ஊர்ப் பெயர் இருக்கிறது. கதை இனிக்கட்டும், ஆனால் வழிகாட்டி கல்லையும் காட்டட்டும். பேகூரின் கன்னடக் கல்லும் மடிவாளாவின் தமிழ்க் கல்லும் ஒரே ஊர்ப்பெயரை இரண்டு நாவில் உச்சரிக்கின்றன. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

மடிவாளாக் கல்வெட்டுகளில் தாமரைக்கரை என்றோர் ஊரும் வருகிறது. பக்கத்தில் இருக்கும் இன்றைய தாவரெகெரெதான் அது. கன்னடத்தில் தாவரெ தாமரை, கெரெ ஏரி. பொருளைப் பெயர்ப்பதென்றால் தாமரையேரி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியவர் 'கெரெ'யின் ஒலியைக் காதில் வாங்கி 'கரை' ஆக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சுற்றிலும் கன்னடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தமிழில் எழுதிய ஒரு கையை அந்தச் சொல்லில் பார்க்கிறேன்.

இங்கே தமிழ் எப்படி வந்தது? முதலாம் இராசராசன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்கர்களின் தலைக்காடு சோழர் வசமாயிற்று. கங்கவாடி முடிகொண்டசோழ மண்டலம் ஆனது. கோலாரும் பெங்களூரின் சுற்றுப்புறமும் நிகரிலிசோழ மண்டலம் ஆயின. 1116 வாக்கில் ஒய்சளன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். அரசு மாறியது, ஆனால் கோயில்களிலும் நிலக் கணக்குகளிலும் தமிழ் உடனே போய்விடவில்லை. 1254-இல் ஒய்சள நாடே இரண்டு சகோதரர்களிடையே பிரிந்தபோது, இந்தப் பகுதியும் தமிழ்நாட்டுப் பகுதிகளும் வீர ராமநாதனுக்குப் போயின. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலும், பிற்காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியிலும் இருந்து ஆண்ட ஒய்சள அரசன் அவன். கன்னட அரசகுலத்தவன், தமிழில் ஆணை பொறித்தான். இன்றைய மாநில எல்லைக் கோட்டை வைத்துக்கொண்டு அவனை எந்தப் பக்கம் நிறுத்துவது?

ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைத் தொம்மலூர் சொக்கநாதப் பெருமாள் கோயிலில் பார்க்கலாம். உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கும் இந்திரா நகர் உணவகங்களுக்கும் இடையே, சற்று மேடான இடத்தில் அந்தக் கோயில் இருக்கிறது. தேசிமாணிக்கப் பட்டணம் என்ற தோம்பலூர் என்று கல்வெட்டு ஊரைச் சொல்கிறது. பட்டணம் என்ற பின்னொட்டும், நானாதேசி என்ற வணிகக் குழுவை நினைவூட்டும் 'தேசி' என்ற சொல்லும் சேர்ந்து வருவதால், இது வணிகர் கூடிய ஊர் என்று கொள்ள இடமிருக்கிறது. 1409-இல் விஜயநகர தேவராயன் காலத்தில் அதே கோயிலில் கல்வெட்டு கன்னடத்தில் வந்துவிடுகிறது. ஒரு மொழி ஓய்ந்து இன்னொரு மொழி தொடர்வதை ஒரே வளாகத்தில், சில அடி தொலைவில், நடந்தே பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் முதலில் தேடித் தொகுத்தவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837-இல் பெங்களூரிலேயே பிறந்தவர். மாட்டுவண்டியும் குதிரையும் போன காலத்தில் மைசூர் நாட்டின் கல்வெட்டுகளைப் படியெடுத்து 'எபிகிராஃபியா கர்நாடிகா' என்ற பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. மடிவாளாவும் தொம்மலூரும் அதில்தான் அச்சேறின. அந்தத் தொகுதிக்குப் பிறகு நகரம் வளர்ந்தது. ஏரிகள் பேருந்து நிலையங்களாயின, நடுகற்கள் சாக்கடை மூடிகளாயின. 2018-இல் ஹெப்பாளில் கால்வாய் வேலையில் தோண்டியெடுத்துப் போட்ட கற்களிடையே கிடைத்த கிட்டய்யன் நடுகல் கி.பி. 750 அளவினது என்று அறிஞர்கள் கணித்தபோதுதான் ஊர் திடுக்கிட்டது. ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றினார்கள். 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி இப்போது பெங்களூரின் கல்வெட்டுகளை, எந்த மொழியானாலும், முப்பரிமாண ஸ்கேன் செய்து சேமித்துவருகிறது. தேய்ந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் கணினித் திரையில் எழுந்து வருகிறது. மிகப் பெரிய தொண்டு இது. ஆனால் கணினியில் இருக்கும் கல்லைத் தேடிப்போவது ஆய்வாளர். பூக்காரம்மாவுக்குச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டும்.

பிற்காலத் தமிழ்ப் பெங்களூரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது ஓரளவு தெரிந்த கதை. 1809 வாக்கில் ஆங்கிலேயர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட் அமைத்தபோது, சென்னை மாகாணப் படையோடு தமிழர்களும் வந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834 முதல் அல்சூரில் இருக்கிறது. அதன் வீரர்களை ராணுவம் முழுவதும் இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பயிர்த்தொழிலாளர் குடும்பங்களோடு தொடங்கியது சிவாஜி நகர் புனித மரியாள் ஆலயம். இன்றைய கோத்திக் கட்டடம் 1882 செப்டம்பர் 8-இல் அர்ச்சிக்கப்பட்டது. கப்பன் பூங்காவை ஒட்டிய சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரி, இன்றைய உயர்நீதிமன்றம், 1868-இல் முடிந்தது. சுற்றுலாப் பேருந்து அதைக் கடந்துதான் போகிறது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். சம்பாதித்ததில் 1873-இல் ஏழைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலான கல்வி அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. வண்டி அந்தக் கட்டடத்தைக் கடக்கும் அரை நிமிடத்தில் அவர் பெயரைச் சொல்ல நேரம் தாராளமாக இருக்கிறது.

ஏன் சொல்வதில்லை என்பதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும், பேசத்தான் தயங்குகிறோம். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்த ஊரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே ஆண்டு அல்சூர் ஏரியருகே நிறுவிய திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 வரை 18 ஆண்டுகள் துணிக்குள் மூடிக்கிடந்தது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். அந்த இரண்டு திறப்புகளையும் நல்ல தொடக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அச்சம் முழுதாகப் போகவில்லை. தமிழ்க் கல்வெட்டு என்று வாய்விட்டுச் சொன்னால் உரிமை கொண்டாடுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று இங்கே வாழும் தமிழர் கூசுகிறார். கூச்சத்துக்கு நம் பக்கத்திலும் காரணம் உண்டு. ஒரு தமிழ்க் கல்லைக் கண்டதும் "இந்த ஊரே எங்களுது" என்று சமூக ஊடகத்தில் கூவுபவர்கள் அந்தக் கல்லுக்குப் பெரிய கேடு செய்கிறார்கள். 1247-இல் நிலம் கொடுத்தவர் எந்த மாநிலத்துக்கும் ஆதாரம் சேர்க்கவில்லை. கோயிலில் விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தார்.

ஹோய் ஆன் பாலத்தைப் பார்த்து அந்த ஊர் ஜப்பானுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்வதில்லை. சைகோனில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று ஊதுவத்தி ஏற்றி, சுவரில் நெற்றி வைத்து வேண்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். அந்த நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளும் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். வந்தவர் வைத்ததை இருப்பவர் போற்றலாம், அதில் ஒருவருக்கும் ஒன்றும் குறைவதில்லை.

இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளை நடத்தும் 'பரிச்சய' மரபு நடைகள் போன்ற நல்ல முயற்சிகள் இங்கே ஏற்கெனவே உண்டு. அவற்றோடு ஒரு நடை சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள். விவேக் நகர் ஆலயத்தில் தொடங்கி, தொம்மலூர் சொக்கநாதர், மடிவாளா சோமேசுவரர் என்று போய், நேரமிருந்தால் பேகூர் நடுகல்லோடு முடியலாம். கன்னடமும் தமிழும் படிக்கத் தெரிந்த இருவர் சேர்ந்து அழைத்துப்போக வேண்டும். பெரிய செலவில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தொடங்க வேண்டும், எழுத்து அப்போதுதான் தெரியும். எழுத்தின் மேல் மாவோ சுண்ணாம்போ தேய்க்கக் கூடாது. ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

அப்படி ஒரு நடை அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் காலையில் திறந்திருக்கும், சுவரைப் பார்க்கச் சீட்டும் கிடையாது. அடுத்த முறை ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தால் லால்பாகுக்குப் போகும் வழியில் மடிவாளாவுக்கும் கூட்டிப்போங்கள். சுவரோரம் உட்காரவைத்து, ஓர் எழுத்தையாவது அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பூ விற்பவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.